சதுக்கத்தில் நிற்கும் உன் முகம்

அன்புள்ள கிந்தாரே அக்காவுக்கு,

சித்தி மகள் அவுஸ்தேயா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தலைநகர் வில்னியூஸில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உனக்கு எதில்தான் குறை.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து சிற்பி வீதெனிஸின் பட்டறையில் பிளாஸ்டர் கரைப்பவள் நான். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தாய், உடனே சுதந்திர அன்னை சிலைக்கு உன் முகத்தை அச்செடுத்துவிட்டார். "நாணயத்துல பொறிக்கிற மூக்கும்மா உனக்கு" என்று உன்னிடம் சொன்னவர், என்னிடம் "வாளியக் கழுவு" என்றார். நம் சதுக்கத்துப் பீடத்தில் ஜார் மன்னர் நின்றார், லெனின் நின்றார், ஒருவர் நிறுத்தியதை அடுத்து வந்தவர்கள் கவிழ்த்தார்கள், அதைத்தான் அவர் கேமரா வைத்துப் படமாக எடுக்கிறார் என்றும், கடைசியில் உன் சிலையையும் ஊரே கயிறு கட்டிக் கவிழ்க்கும் என்றும் தெரிந்த அன்று எனக்கு பீட்ரூட் சூப் இரண்டு கிண்ணம் இறங்கியது.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு கசிஸ் தாத்தா, லெனினை இழுத்த அதே கயிற்றோடு வந்து கழுத்தில் மாட்டியும் விட்டார். ஆனால் பீடத்தில் ஒரு பெண் முகத்தைக் கண்டதும் சோவியத் காலத்தில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் நினைவு வந்து, ஆளாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

"இழுங்கய்யா, வெளிச்சம் போகுது" என்று கத்தினார் வீதெனிஸ்.

"லெனின்னா இழுக்கலாம் தம்பி. இது நம்ம ஓனா பொண்ணு கிந்தாரே மாதிரியே இருக்கு, எப்படி இழுக்கறது?" என்றார் தாத்தா.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், "நான் இழுக்கறேன்" என்றேன்.

"அக்கா மேல அவ்வளவு ஆசையாடி?" என்று ரொட்டிக் கடைக்காரம்மா கேட்க, சதுக்கமே சிரித்தது. நான் காதில் வாங்காமல் இழுத்தேன். நீ அசையவில்லை. கயிறுதான் அறுந்தது. சேற்றில் மல்லாந்து விழுந்தேன். வீதெனிஸ் ஓடி வந்து, "இதுதாம்மா படம், இனிமே யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். ஆகவே சிலை உன்னுடையதாக இருக்கலாம், படம் என்னுடையது. ஊரில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

அம்மாவின் அன்பும் அப்பா புகைபோட்ட மீனும் தனியே வருகின்றன. கடவுள் உன்னையும் உன் மூக்கையும் காப்பாராக.

உன் தங்கை,
அவுஸ்தேயா

பி.கு: இன்று படத்தைப் போட்டுக் காட்டினார். கேமரா என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. முழுக்க முழுக்க உன் முகம்தான். மல்லாந்து விழும்போது மட்டும் என் முகம் தலைகீழாக ஒரு நொடி வருகிறது. அதை வெட்டலாமா என்று யோசிக்கிறார். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல் அக்கா, உன் பேச்சை அவர் கேட்பார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.