சொந்தக் கையால் ஒரு கிளட்ச்

ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகினாலும் வண்டி கத்தியதே தவிர நகரவில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு பெரியவர் சைக்கிளில் ஜெயகிருஷ்ணனை முந்திக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மாலை கொட்டுகிற மழையில், தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பைக் ஸ்டாண்டிலிருந்து அவசர அவசரமாக உருவிக்கொண்டு வந்த வண்டி. ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் அதே கறுப்பு வண்டி. சாவியே முரண்டு பிடித்தது. தலை முதல் வால் வரை சேறு வேறு.

"கிளட்ச்தானே, பேசாம ஜெபகுமார்கிட்ட விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி தீபலட்சுமி.

அது மட்டும் முடியாது. தெருமுனை மெக்கானிக் ஜெபகுமார் போன மாதம் நாலு பேர் முன்னால், சாருக்கு ஸ்க்ரூகூடத் திருகத் தெரியாது என்று சிரித்திருந்தான். இனி என் வண்டிக்கு நானே மெக்கானிக் என்று இவனும் சவால் விட்டிருந்தான். திங்கட்கிழமை அவன் கடை முன்னால் ஜம்மென்று ஓட்டிப் போக வேண்டும். மானமே அந்தக் கிளட்சில்தான் இருந்தது.

சனிக்கிழமை கேபிளை இறுக்கினான். கொஞ்சநஞ்சம் நகர்ந்த வண்டியும் நின்றுவிட்டது. ஞாயிறன்று, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் பின்புறம் நிறுத்தி, செல்போனில் வீடியோ பார்த்து என்ஜின் மூடியைக் கழற்றினான். கிளட்ச் பிளேட்டுகள் கருகிக் கிடந்தன. ஒரு போல்ட் வேறெந்த வண்டியுடையதோ.

"பாரு, எல்லாம் அந்த ஜெபகுமார் பண்ண வேலை" என்று தீபலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைக்க அவளுடைய இட்லி மாவுப் பாத்திரம் பலியானது. மூடியை மாட்டும்போது, ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் கிழிந்தது. காலண்டர் அட்டையை அதே அளவுக்கு வெட்டி வைத்தான். ஆயில் ஒழுகி அவளுடைய பின்வாசல் கோலம் வரை ஓடியது.

வேறு வழியில்லாமல் கேஸ்கெட் கேட்டு ஜெபகுமார் கடைக்கே நடந்தான். கிண்டலுக்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தான். ஜெபகுமாரோ ஏறெடுத்தும் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தான்.

"காசு வேணாம், எடுத்துகினு போ சார். வெள்ளிக்கெழம ஸ்பேர் வாங்க ட்ரெயின்ல புதுப்பேட்ட போய்ட்டு வந்ததுலேந்து மனசே சரியில்ல."

ஒரு வாடிக்கையாளர் போனதற்கா மனுஷன் இப்படி உடைந்துபோவான்? ஜெயகிருஷ்ணனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை வண்டி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஹாரன் சத்தம் மாறியிருக்கிறதே என்று தீபலட்சுமி கேட்டாள். கிளட்ச் நன்றாக இருந்தால் எல்லாமே நன்றாக இருக்கும் என்றான். சேற்றைக் கழுவக்கூடப் பொறுமையில்லாமல் கிளம்பினான். ஜெபகுமார் கடை பூட்டியிருந்தது. முகத்தில் விழிக்க வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் விசிலடித்தபடி ஸ்டாண்டுக்குள் நுழைந்தான்.

டோக்கன் கொடுக்கும் அம்மணி வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சார், ஒங்க வண்டி வெள்ளிக்கெழமலேந்து அதே தூணாண்ட நிக்குது, நீங்க ஜெபகுமார் அண்ணன் வண்டிய ஓட்டிகினு வர்றீங்க. அவரு அத்தக் காணோம்னு உள்ள தேடிகினு கீறாரு."