மேல் வீட்டுச் சண்டை

இப்போதெல்லாம் மேல் வீட்டில் சத்தம் கேட்டால் யாரும் படியேறி வந்து கதவைத் தட்டுவதில்லை. "என்னய்யா அங்க கூத்து?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயா வெந்து போகும்? போனை எடுத்து அபார்ட்மென்ட் செகரட்டரிக்குச் சொல்வார்கள். அப்புறம் மாடிப்படியில் எதிரே பார்த்தால் பல்லைக் காட்டுவார்கள். எல்லாரும் படித்தவர்கள்.

டிஷூம்காரர் கதவைத் திறந்தபோது அந்தச் செகரட்டரிதான் நின்றிருந்தார். கண் மட்டும் ஏற்கெனவே வீட்டுக்குள் போய்விட்டிருந்தது.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல ஒரு மாதிரி சத்தம் வருதுன்னு கீழ் வீட்டம்மா சொல்றாங்க."

"வரும். சண்டை நடக்குது."

"யாருக்கும் யாருக்கும்?"

"ஹீரோயினுக்கும் அடியாளுங்களுக்கும்."

செகரட்டரி சிரிக்கவில்லை.

சினிமாச் சண்டையில் ஒருத்தன் கை இன்னொருத்தன் முகத்தில் படவே படாது. ஒரு முழம் தள்ளித்தான் போகும். படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்த அடிக்குச் சத்தம் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்த டிஷூம்காரர். தோல் பையை ஈரத் துணியால் விளாசினால் கன்னத்தில் அறை. முட்டைக்கோஸைக் குத்தினால் வயிற்றில் குத்து. கேரட்டை முறித்தால் வில்லனுக்குக் கை போச்சு. ஸ்டுடியோவில் ஏசி ஒழுகி, சீலிங்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சவுண்டு இன்ஜினியர் ஒரு மைக்கைக் கையில் கொடுத்து, "வீட்லயே அடிச்சுக் குடுங்கண்ணே. யாரு கேக்கப் போறாங்க?" என்று அனுப்பிவிட்டார்.

கேட்டுவிட்டார்கள்.

"வீட்டு ஓனர் காதுக்குப் போச்சுன்னா காலி பண்ணச் சொல்லிடுவார். பாத்துக்குங்க," என்று செகரட்டரி இறங்கிப் போனார்.

காலி செய்துவிட்டு எங்கே போவது? தனிக் கட்டைக்கு, அதுவும் கிழக் கட்டைக்கு, எவன் வீடு கொடுப்பான்? சம்சாரம் போனதிலிருந்து அவர் ஒண்டிதான். வேறு ஊரில் இருக்கும் மகன், "இங்க வந்துடுங்கப்பா" என்று போனில் சொல்வான். எப்போது என்று மட்டும் சொல்லமாட்டான்.

சரி, சத்தம் வெளியே போகாமல் செய்வோம் என்று ஜன்னலையெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும் வைத்து அடைத்தார். வியர்க்க வியர்க்க அடித்தார். மறுநாள் செகரட்டரி மறுபடியும் வந்தார்.

"ஜன்னலை ஏன் மூடி வெச்சிருக்கீங்க? எதிர் வீட்ல எல்லாம் கேக்கறாங்க."

"உள்ள நடக்கறது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான்."

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் செகரட்டரி இரண்டு படி பின்னால் போயிருந்தார்.

அடியே வேண்டாம், நடைச் சத்தத்தை எடுப்போம் என்று முடிவு செய்தார். ஹீரோயின் குதிகால் உயர்ந்த செருப்போடு ஓடி வந்து தாவுகிற காட்சி. அதற்கென்று தன் கால் அளவில் ஒரு ஜோடி வைத்திருந்தார். வாங்கும்போது கடைக்காரன் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மாட்டிக்கொண்டு டக் டக்கென்று நாலு முறை கூடத்தைச் சுற்றியிருப்பார். பெல் அடித்தது.

இந்த முறை செகரட்டரியோடு அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள்.

"பெரியவரே, உள்ள ஒரு பொண்ணு ஓடுற சத்தம் கேட்டுதே?"

"பொண்ணெல்லாம் யாருமில்ல. நான்தான்."

அத்தனை கண்ணும் கீழே போனது. செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

"வயசான காலத்துல இது வேறயா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கதவைச் சாத்திக்கொண்டார். இனி ஒரு வேலைதான் பாக்கி, எலும்பு முறிகிற சத்தம். அது சின்னச் சத்தம், யாருக்கும் கேட்காது. கேரட் தீர்ந்து போயிருந்தது. கடையிலும் இல்லை, பீட்ரூட்தான் இருந்தது. நீளநீளமாக நறுக்கி முறித்துப் பார்த்தார். படக்கென்று அருமையாக முறிந்தது. சந்தோஷத்தில் ஒரு கிலோவையும் முறித்தார். கை, பனியன், தாடை எல்லாம் சிவப்பு. அப்போது பெல் அடித்தது. அவர் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் போய்த் திறந்தார்.

போலீஸ்காரர்.

"கத்தியைக் கீழ வைங்க ஐயா."

"இது பீட்ரூட்டுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வைங்க."

போலீஸ்காரர் உள்ளே நுழைந்து சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில் என்று எல்லா இடமும் பார்த்தார். அவர் பின்னாலேயே செகரட்டரியும், செகரட்டரி பின்னாலேயே அக்கம்பக்கமும் வந்து நிறைந்தது. அத்தனை பேரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

"யாருமே இல்லையே? அப்ப யாரை அடிச்சீங்க?"

"கோஸை."

போலீஸ்காரர் அவரையே பார்த்தார். "அடிங்க பாப்போம்."

டிஷூம்காரர் போனில் சண்டைக் காட்சியை ஓடவிட்டார். ஹீரோயின் கை வீசினாள், இவர் பையை விளாசினார். அடியாள் பறந்து விழுந்தான், இவர் மெத்தையில் தொப்பென்று விழுந்தார். கை முறுக்கப்பட்டது, பீட்ரூட் படக்கென்றது. செகரட்டரி தன் கையைத் தானே தடவிக்கொண்டார்.

"ஐயா, நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமா?" போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

அடித்தார்.

"லேட்டு சார். வில்லன் விழுந்தப்புறம் அடிக்கறீங்க."

"சினிமால நாங்க எப்பவும் லேட்டாத்தானே வருவோம்!"

வீடே சிரித்தது. செகரட்டரி கோஸைக் குத்தினார், மனைவி பெயரை முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு முறை குத்தினார். யாரோ குதிகால் செருப்பை மாட்டிப் பார்த்தார்கள். டிஷூம்காரர் ஓரமாக நின்று வாசலைப் பார்த்தார். அந்த வாசலில் இத்தனை செருப்பு கிடந்தது, அவர் சம்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான்.

"கேஸ் ஒண்ணுமில்ல," என்றார் போலீஸ்காரர்.

"ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன் பெரியவரே. நீங்க பாட்டுக்கு அடிங்க," என்றார் செகரட்டரி.

"புகார் குடுத்த அம்மா யாரு? வாங்கம்மா, நீங்களும் ஒரு குத்து விட்டுட்டுப் போங்க," என்று கூப்பிட்டார் போலீஸ்காரர்.

கீழ் வீட்டம்மா அதுவரை வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. சிரிக்கவும் இல்லை.

"அடிக்கிற சத்தத்துக்கு நான் பயப்படல சார். அதெல்லாம் ஓய்ஞ்சப்புறம், தினமும் மத்தியானம் ஐயா யாரையோ கூப்பிடுவாரு. 'சாப்பாடு ஆறிப் போகுது, எழுந்து வாயேன்'ம்பாரு. எவ்வளவு நேரம் கூப்பிட்டாலும் பதிலே வராது. அதான், உள்ள இருக்கறவங்க உசுரோட இருக்காங்களான்னு பாக்கச் சொன்னேன்."

சிரிப்பு அடங்கிப் போனது. போலீஸ்காரர் தொப்பியைத் தேடினார்.

"நானா?" என்றார் டிஷூம்காரர். "நான் யாரைம்மா கூப்பிடப் போறேன்? சத்தத்துலயே பொழைக்கறவன் நான், என் வாயில வர்றது எனக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் காதுல ஏதோ கோளாறு. டாக்டரைப் பாருங்க."

அத்தனை பேரையும் வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, செருப்புக் குவியலில் தன்னுடையதைக் காலால் துழாவி எடுத்து மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார். "காது கேக்காத ஜனங்க," என்று கீழே தெரு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.