எம்.பி.க்கு ஊதா நிறத்தில் ஒரு வரவேற்பு

பயந்த சுபாவம் உள்ளவர்களிடம் பொறுப்பான வேலை எதையும் கொடுக்கக் கூடாது. அவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். நன்றாக யோசித்து, இரண்டு தடவை சரிபார்த்து, முழுமையாகச் சொதப்புவார்கள்.

அப்போது நாங்கள் சைகோனுக்கு வந்த புதிது. மகளுக்கு ஒன்றரை வயது. என் கணவர் பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவருடைய ஒப்பந்தம் முடிகிற மாதம். நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஜெனரல் மேனேஜர் நம் ஊர்க்காரர். அவர் மனைவியின் அண்ணன் எம்.பி. அந்த எம்.பி. சைகோனுக்கு வருகிறார். (என் ரத்த அழுத்தத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

எம்.பி. ஆதியில் சிற்பி. முறையாகப் படித்தவர். பறவை, மாடு என்று நன்றாகவே செய்துகொண்டிருந்தார். யாரும் வாங்கவில்லை என்பதால் தலைவர்களுக்கு மாறினார். கட்சித் தலைவருடைய அப்பாவுக்குச் சிலை செய்தபோது, இயற்கை கோட்டைவிட்ட இடங்களையெல்லாம் உளியால் திருத்தினார். மூக்கு நிமிர்ந்தது, தொந்தி உள்ளே போனது. திறப்பு விழாவில் தலைவர் கண்கலங்கி, "அப்படியே எங்கப்பா!" என்றார். அடுத்த தேர்தலில் சீட்டு. டெல்லிக்குப் போன பிறகு உளியைத் தொடவில்லை. நாடாளுமன்றத்தில் வாய் திறந்ததாகவும் தகவல் இல்லை. கல்லோடு பழகியவர், பாவம்.

மேனேஜரின் மனைவி போன் செய்தார்.

"பென் தான் மார்க்கெட் பக்கத்துல ஹோட்டல் மாடியில வரவேற்பு. நீ படிச்ச பொண்ணு, பூ அலங்காரம் உன் பொறுப்பு. அண்ணன் கொஞ்சம் சென்சிட்டிவ். கட்சி விஷயம் பாத்துக்கம்மா."

"கண்டிப்பா மேடம்."

இந்த ஊரில் கடை திறந்தால்கூட வாசலில் ஆளுயரப் பூ ஸ்டாண்டு வைப்பார்கள். அதையே வைப்பதென்று முடிவு செய்தேன். நிறம்தான் சிக்கல். சிவப்பு வைத்தால் இந்த நாட்டு அரசாங்கம் மகிழும், அவர் கட்சி மகிழாது. காவி, பேச்சே இல்லை. பச்சை, போன மாதம் கூட்டணியை விட்டு ஓடிய கட்சி. மஞ்சள், இன்னும் ஓடாத கட்சி. கடைசியில் இந்தியாவில் எந்தக் கட்சியும் சீண்டாத இரண்டு நிறங்களைக் கண்டுபிடித்தேன்: வெள்ளையும் ஊதாவும். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். (தூங்கியிருக்கக் கூடாது.)

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பூக்கடைக்குப் போனேன். பாதி வியட்நாமிய மொழி, மீதி கைஜாடை. எம்.பி.யின் படத்தை நடுவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். கலைநயத்துக்காக அவரே விரும்பி எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். கடைக்கார அம்மாள் படத்தைப் பார்த்தார், நிறத்தைக் கேட்டார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குழந்தைக்குத் தாத்தாவா?"

என் கணவருடைய மேனேஜருடைய மனைவியுடைய அண்ணன் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு மொழி வராது. தலையாட்டிவிட்டேன்.

"ரிப்பன்ல வழக்கமா எழுதறதை எழுதிடவா?"

வழக்கமானது என்றால் எனக்கு எப்போதும் நிம்மதி. "அதே போதும்," என்றேன்.

விழா அன்று நாற்காலிகளை நிரப்பத் தொழிற்சாலையிலிருந்து ஊழியர்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார்கள். (கூட்டம் சேர்க்கும் கலையில் நம்மவர்களுக்கு நாடு ஒரு தடையே இல்லை.) சிரித்துப் பேசியபடி மாடியேறி வந்தவர்கள், ஸ்டாண்டைப் பார்த்ததும் அடங்கிப்போனார்கள். என் கணவரின் பிரிவில் சூப்பர்வைசரான ஹுவோங் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சி," என்றாள். (சி என்றால் அக்கா.) "எப்போ? பிளேன்லயா?"

"என்ன பிளேன்ல?"

"செத்துட்டார்னு யாருமே சொல்லலியே! வெள்ளை, ஊதா, கறுப்பு வெள்ளை போட்டோ... இங்க சாவுக்குத்தான் இப்படி வைப்போம். ரிப்பன்ல 'ஆழ்ந்த அனுதாபம்'னு போட்டிருக்கு, சி."

ஸ்டாண்டை மறைக்கலாம் என்று திரும்பினால், ஊழியர்கள் ஹோட்டல்காரருடைய சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தி வாங்கி, ஆளுக்கு மூன்றாகக் கொளுத்தி, வரிசையில் நின்று படத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எம்.பி. மாடியேறி வந்தார்.

அழுதுகொண்டிருந்த பெண் வீறிட்டாள். மேடம் என்னைப் பார்த்தார். என் கணவர் ஜன்னலைப் பார்த்தார்; குதிக்க முடியுமா என்று யோசித்ததாகப் பின்னால் சொன்னார். எம்.பி. மட்டும் அசையாமல் நின்றார். தன் படம், சுற்றிலும் பூ, புகை, வரிசையாகக் குனியும் அந்நிய தேசத்து மக்கள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு இதில் விபரீதமாக எதுவும் தெரியவில்லை.

"எத்தனையோ பேருக்குச் செலை வச்சேன்," என்றார். "எனக்குன்னு ஒருத்தன் ஒரு பூ வைக்கலை. ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?"

ரிப்பனைப் படிப்பதுபோல் குனிந்தேன்.

"'உங்களை என்றும் மறக்க மாட்டோம்'னு போட்டிருக்காங்க ஐயா."

(நான் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறு எதைச் சொல்வார்கள்?)

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரிப்பனை அவுத்துக் குடும்மா. கட்சி ஆபீஸ்ல மாட்டணும்." பிறகு மேனேஜரிடம் திரும்பி, "இந்தப் பொண்ணு வீட்டுக்காரரை விட்டுடாதீங்க மாப்ள. மரியாதை தெரிஞ்ச குடும்பம்," என்றார்.

மறுநாளே கடிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஒரு வருட நீட்டிப்பு.

அதோடு தொலைந்திருக்கலாம். ஆனால் அவர் வருடா வருடம் வர ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் மேடத்திடம், "போன தடவை மாதிரியே வைக்கச் சொல்லு," என்பார். நானும் அதே படத்தோடு அதே கடைக்குப் போவேன். கடைக்கார அம்மாளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இந்த நகரத்தில் மாமனாருக்கு இவ்வளவு பொறுப்பாகத் திவசம் செய்கிற மருமகளைப் பார்த்ததில்லை என்று மற்ற வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்படுவார்.

எங்கள் வீட்டில் ஒப்பந்த நீட்டிப்புக்கே இப்போது பெயர் திவசம்தான். இந்த முறை அவர் தேர்தலில் டெபாசிட் இழந்துவிட்டார். பயணம் பற்றி மேடத்திடமிருந்து போன் எதுவும் இல்லை. நேற்று சாப்பிட்டுக்கொண்டே என் கணவர் கவலையாகக் கேட்டார்:

"ஏன்டி, நிஜமாவே போய்ட்டாரே... இந்த வருஷம் திவசம் உண்டா, இல்லையா?"