மணிமுத்து அண்ணாச்சி இறந்த கதை

தாயில்பட்டி,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சுகிர்தா மதினிக்கு முத்துமாரி எழுதிக்கொள்வது. ஆலங்குளத்தில் அண்ணனும் நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே. இங்கே மழை இல்லை, அதனால் பட்டாசு காய்கிறது, அதனால் நாங்களும் சுகம்.

இனிமேல் கதை எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும், இந்தக் கிறுக்கை வளர்த்துவிட்டவர் நீங்கள். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் நாம் ஒரே வேனில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனோமே, நான் தினம் ஒரு கதையை இழுத்துக்கொண்டு வருவேன், வாசல் வந்தும் முடியாது. டிரைவர் பாண்டி, "ஏ தாயி, அந்தப் புள்ள ஆத்தைத் தாண்டுனாளா இல்லையா, சொல்லிட்டு எறங்கு" என்று கதவைத் திறக்கமாட்டார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்புறம்?" என்பீர்கள். அதை நினைத்துத்தான் இத்தனை வருஷமும் எழுதினேன். பத்திரிகைகளுக்கு அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். நீங்களும் ஊர் மாறிப் போன பிறகு "அப்புறம்?" என்று கேட்க ஆளில்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக் கதையைக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் வரியை அனுப்பியதும் சோறு பொங்கி வழிந்தது, வடித்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாம் என்று எழுந்து போனேன். முதல் வரி: 'போர்மேன் மணிமுத்து இன்று காலை இறந்துபோனார்.' நம் போர்மேன் பெயரையே ஏன் வைத்தாய் என்று கேட்காதீர்கள், வேறு பெயர் வைத்தால் அந்த ஆள் கதைக்குள் நடக்கவே மாட்டேன் என்கிறார். சோற்றை வடிப்பதற்குள் நம் கம்பெனி வள்ளித்தாய் தெருவில் அழுதுகொண்டு ஓடுகிறாள், மணிமுத்து அண்ணாச்சி வீட்டு வாசலில் பாண்டியின் வேன் நிற்கிறது, நானும் பதறி ஓடினேன், அவரைக் கொன்றது நான்தான் என்பது அங்கே போய்த்தான் உறைத்தது மதினி. அண்ணாச்சி வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"யாருக்குலே மாலை?"

மாலை வைத்திருந்த பாண்டி அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். வள்ளித்தாய் போனை நீட்டினாள். அண்ணாச்சி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கன வா தாயி. மிச்சத்தையும் படி. எப்படிச் செத்தேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

என் போனில் இருந்த மிச்சத்தைப் படித்தேன். கதையில் அவருக்குத் தொண்ணூறு வயசு. பேரன் பேத்திகள் சுற்றியிருக்க, கட்டிலில், தூக்கத்திலேயே போய்விடுகிறார். முடித்த பிறகும் அவர் தலை நிமிரவில்லை.

"நம்ம தொழில்ல இப்படிச் சாவு எம்புட்டுப் பேருக்குத் தாயி வாய்க்குது" என்றார்.

ஆனால் எங்கள் வீட்டுக்காரர், "உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை வாங்க வச்சுட்டியே, போதும்" என்றார். அவர் சொல்வது நியாயம். இன்றோடு விட்டேன். அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாரியாத்தா உங்கள் வாசலில் காவலிருக்கட்டும்.

இப்படிக்கு, வெறும்
முத்துமாரி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வள்ளித்தாய் வந்தாள். அவள் புருஷன் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். "அவுகளுக்கும் ஒரு எம்பது, எம்பத்தஞ்சு வயசு போட்டு எழுதேன், மாரி" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய், எனக்குப் பதிலாக அவரே சோற்றுக்கு உலை வைத்தார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்பத்தைந்து பத்தாது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?