காற்றாலைக்கு எதிராக ஓர் ஊர்

ஊர்க் கூடத்தில் நாற்காலி போதவில்லை. காற்றாலை வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பெருகிக்கொண்டே போனார்கள். இன்று ஜன்னல் விளிம்பில்கூட இடமில்லை.

எப்பே காற்றாலைக் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள். விளம்பரங்களில் காற்றைக் காதலிக்கும் அந்தக் கம்பெனிக்கு ஊர் ஜனங்கள் என்றால் மட்டும் காய்ச்சல் வரும். காலையில் கோபன்ஹேகனிலிருந்து இயக்குநர் பிர்கிட்டா போனில் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு அவங்க சரின்னு சொல்லணும் எப்பே. இல்லைன்னா திட்டமும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல."

முதல் கூட்டத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டென்மார்க்கில் யூட்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில், ஒரே சாப்பாட்டு விடுதியும் மூடிய பிறகு யாரும் ஒன்றுகூடியதில்லை; கூடத்துப் பூட்டே துருப்பிடித்துக் கிடந்தது. எப்பே எண்ணெய் விட்டுத் திறந்து, காபியும் வறட்டு பிஸ்கட்டும் வைத்தான். பன்றிப் பண்ணை அக்செல் மட்டும் எழுந்து, "சத்தம் கேக்குமே" என்றார்.

சத்தமில்லாத விசிறி போடுவதாக எப்பே வாக்குக் கொடுத்தான். ஊர் மனம் குளிரட்டும் என்று அடுத்த கூட்டத்துக்குப் பாதாம் வைத்த இனிப்பு ரொட்டி வாங்கி வந்தான். இந்த முறை அக்செலோடு அவர் மச்சானும் எழுந்தார்.

"நிழல் விழும். என் மாடு மிரளும்."

எப்பே வரைபடத்தில் காற்றாலைகளை ஊரைவிட்டுத் தூரமாக நகர்த்தினான். மூன்றாவது கூட்டத்தில் க்ரீம் அடுக்கு கேக். எல்லாரும் சேர்ந்து பாடும் தொடக்கப் பாட்டுக்குப் பியானோக்காரர் வேறு. அன்றைக்கு ஆட்சேபிக்கப் பாதிக் கூடம் எழுந்து நின்றது. வருஷம் தவறாமல் துப்பாக்கியோடு வாத்து வேட்டைக்குப் போகிற அக்செல், அந்த வாத்துகளின் எதிர்காலத்தை நினைத்துக் கண்கலங்கினார்.

இன்று மேசை கொள்ளாமல் கேக். காபி ஊற்றும் ரிக்மோர் அம்மாளுக்கு ஜாடியைக் கீழே வைக்க நேரமில்லை. பாட்டு முடிந்ததும் எப்பே தொண்டையைச் செருமினான்.

"சத்தத்தைக் குறைச்சாச்சு. நிழல் இங்க விழாது. வாத்து போற வழியையும் விட்டாச்சு. இன்னும் யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

மொத்தக் கூடமும் கை தூக்கியது. சிலர் கையில் முள்கரண்டியும் இருந்தது.

"இப்ப என்னங்க குறை?"

"காத்துதான்" என்றார் அக்செல்.

"காத்துக்கு என்ன?"

"எங்க காத்தை நீங்க சுத்தோ சுத்துன்னு சுத்தி எடுத்துட்டா, மிச்சம்தானே எங்களுக்கு வரும்?"

"துணி காயாது" என்றார் மச்சான்.

எப்பேவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினான்.

"போதும். நீங்க ஜெயிச்சுட்டீங்க. திட்டத்தைக் கைவிடறோம். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வரமாட்டேன்."

கைதட்டுவார்கள் என்று நினைத்தான். பியானோக்காரர் மூடியை மெதுவாகச் சாத்தினார். அக்செலின் முகம் தொங்கிப்போயிற்று.

"யாரைக் கேட்டுக் கைவிடறீங்க?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"வேண்டாம்னா விட்டுட்டுப் போயிடறதா? மறுபடி வந்து கேக்கறதுதானே மரியாதை? அப்போ அடுத்த செவ்வாய்க்கிழமை?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை ஒண்ணும் கிடையாது."

கூடம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. எப்பே திருதிருவென்று விழித்தான். ரிக்மோர் அம்மாள் அவன் கோப்பையை நிரப்பிவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"சரின்னு சொன்னப்புறமும் கூட்டம் உண்டுன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? பக்கத்து ஊர்க்காரங்க முதல் கூட்டத்துலயே சரின்னு தலையாட்டிட்டாங்க, பாவம், அதுக்கப்புறம் அவங்க கண்ணுல ஒரு துண்டு கேக் படல."