ஏழாவது ஜோடி

கணினித் திரையில் ஏழாவது ஜோடி மட்டும் மஞ்சளாக இருந்தது. கணினிகளைக் கவனிக்கும் தௌலெத் அப்போதுதான் மனைவியுடன் போனில் அரை மணி நேரப் பேச்சை முடித்துத் திரும்பியிருந்தான்.

மறுநாள் சொந்த ஊரான தராஸில் மகனுக்கு விழா. நடை பழகும் குழந்தையின் கால்களில் கட்டிய கயிற்றை ஒருவர் அறுத்துவிடுவார்; அவர் குணம் பிள்ளைக்கும் வருமாம். ஒப்புக்கொண்டிருந்த உறவினருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"சுறுசுறுப்பான ஆளா கூட்டிட்டு வாங்க," என்றாள் குல்மிரா. "உங்கள மாதிரி வேணாம்."

அதற்கு முதலில் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். "எல்லாம் பச்சையா இருந்தாதான் லீவு," என்று மருத்துவமனை இயக்குநர் சொல்லியிருந்தார்.

அல்மாத்தியில் உள்ள அந்த மகப்பேறு மருத்துவமனையின் தகவல்கள் பன்னிரண்டு தொகுதிகளில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கரகண்டி நகரில் ஒரு நகல். இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடி. இங்கே ஏற்படும் மாற்றங்கள் கால் மணிக்கு ஒருமுறை மூட்டையாக அங்கே போகும். பச்சை என்றால் மூட்டை போகிறது, மஞ்சள் என்றால் நிற்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

தௌலெத் 'தொடர்' என்பதை அழுத்தினான். பச்சை. தேநீரை உறிஞ்சுவதற்குள் மஞ்சள்.

மறுபடி அழுத்தினான். மறுபடி மஞ்சள். இணைப்பையே அணைத்து மறுபடி போட்டான். இந்த முறை பன்னிரண்டும் மஞ்சள்!

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, சூரியகாந்தித் தோட்டமா?"

தௌலெத் நகலெடுக்கும் கருவியை விற்றவர்களின் உதவி எண்ணை அழைத்தான். காத்திருக்கச் சொல்லி தொம்ரா என்ற தந்தி வாத்தியத்தின் இசை ஓடியது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே மூன்றாவது முறையாகத் 'தொடர்' அழுத்தினான்.

அப்போது பதிவறை ஷோல்பான் கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"அண்ணே, திட்டாதீங்க. காலையில கை தவறி, போன வருஷம் பொறந்த பிள்ளைங்க பதிவு பூரா அழிச்சிட்டேன். உங்க போன் பிஸி. அதான் கரகண்டியில நகலப் பாத்துக்கிற பெக்சாத்துகிட்ட ஏழாவத நிறுத்தச் சொன்னேன். நகல் பத்திரமா இருக்கும்ல?"

நகல் நல்லது கெட்டது பார்க்காது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிக்கும். அந்தப் பதிவுகளில் அவன் மகனுடையதும் உண்டு. தௌலெத்தோ மூன்று முறை 'தொடர்' அழுத்தியிருக்கிறான்!

தொம்ராவைத் துண்டித்ததுமே போன் அலறியது. பெக்சாத்.

"தம்பி, எல்லாம் போச்சாடா?" என்றான் தௌலெத்.

"எங்க போச்சு? நீங்க ஒவ்வொரு தடவ 'தொடர்' அழுத்தும்போதும், மூட்டை கெளம்புறதுக்குள்ள நான் நிறுத்திக்கிட்டே இருந்தேன். கடைசியில பன்னெண்டையும் நிறுத்திட்டேன். போன எடுத்துத் தொலைக்கக் கூடாதாண்ணே? இன்னும் டீகூட குடிக்கல!"

"நல்லாயிருடா. பதிவத் திருப்பி எடுத்து எல்லாத்தையும் பச்சையாக்கிட்டு, நீயும் இன்னைக்கே தராஸ் கெளம்பு," என்றான் தௌலெத். பிறகு மனைவியை அழைத்தான்.

"குல்மிரா, கயிறு அறுக்க ஆள் கிடைச்சாச்சு. என்னை மாதிரி இல்ல."