நூலகரின் ஞாயிறு அவதாரம்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு வேலையில் கை வைப்பதில்லை என்று நூலகர் சபதம் செய்தார். சத்தமாகச் செய்யவில்லை. மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவள். எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். நூலகரும் பயம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை என்னவென்றால், பின்னறைக்குப் பெயின்ட் அடிப்பது. ஒரு வருஷமாகச் சுவர் தோலுரிந்து நின்றது. டீச்சர் பெயின்டரைக் கூட்டி வந்தபோது, "இவன் அடிச்சா ரெண்டே மாசத்துல உதிர்ந்துடும். நானே அடிக்கிறேன்" என்று வீராப்பாகத் திருப்பி அனுப்பியவர் சாட்சாத் இவர்தான். அதற்கப்புறம் அவருக்கு ஞாயிற்றுக்கொரு வியாதி வந்தது. இடுப்புவலி, முழங்கை வலி, தூசு ஒத்துக்கொள்ளாமை எல்லாம் தீர்ந்துபோய், புது வியாதிக்கு மருத்துவப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய நிலைமை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, நூலகத்துக்கு அப்போதுதான் ஒரு புதுக் கிளை திறந்தார்கள். செங்கல் சிமென்ட் இல்லாத கிளை. கணினிக்குள்ளே ஒரு மெய்நிகர் உலகம், அதில் ஒரு தீவு, தீவில் நூலகம், பக்கத்திலேயே வகுப்பு நடத்த ஒரு மண்டபம். வாசகர்கள் வீட்டிலிருந்தபடியே ஆளுக்கொரு அவதாரம் எடுத்து உள்ளே நடந்து வரலாம், புத்தகம் கேட்கலாம், பாடம் கேட்கலாம். விசாரணை மேஜையில் நூலகர் ஒருவரும் அவதாரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை யாரு..." என்று தலைமை நூலகர் அம்மாள் ஆரம்பிப்பதற்குள் நம்மவர் கையைத் தூக்கிவிட்டார்.

"டூட்டிம்மா" என்றார் வீட்டில். "மதியம் வரைக்கும் கதவைச் சாத்திக்கணும். யாரும் தட்டக் கூடாது."

"கம்ப்யூட்டருக்குள்ள லைப்ரரியா? யாருங்க வருவா?"

"உலகமே வரும்!"

உலகம் வரவில்லை. அவர் கண்ணில் ஈ காக்கை கூடப் படவில்லை. நூலகர் தன் அவதாரத்துக்கு நிஜத்தில் இல்லாத தலைமுடியைக் கொடுத்து, ஒரு கோட்டும் மாட்டி மேஜையில் உட்கார வைத்தார். தாம் கட்டிலில் படுத்தார். பல வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

இந்தச் சுகம் சில வாரம்தான். தலைமை நூலகர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், உங்க டூட்டியில ஆளே வரலையே. ஞாயித்துக்கிழமை மூடிடலாம்னு பாக்கறேன். நீங்களும் பாவம், வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் என்றதும் நூலகருக்குப் பெயின்ட் வாடை அடித்தது.

"மேடம், ஒரே ஒரு வாரம் குடுங்க. கூட்டம் சேர்த்துக் காட்டறேன்!"

அந்த ஞாயிறு அவர் தூங்கவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். யாராவது வர மாட்டார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. நூலகக் கதவு திறந்தது. முழங்கால் வரை தாடி தொங்க ஒரு பெரியவர் உள்ளே வந்தார். நூலகருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தொண்டை கட்டியிருக்கு ஐயா, எழுதித்தான் கேக்கணும்" என்று திரையில் எழுத்து ஓடியது. "வீட்டுச் சுவருக்கு நாமே பெயின்ட் அடிக்கறது எப்படி?"

வேறு யாராவதாக இருந்தால் லேசாகச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் வாசகர் யார், எதற்குக் கேட்கிறார் என்று துருவக் கூடாது என்பது நூலகத் தொழில் தர்மம். நம்மவர் தர்மத்தைக் காப்பாற்றினார். வேலையைத் தள்ளிப்போடுவதற்காகவே அவர் பெயின்ட் பற்றி ஒரு வருஷமாகப் படித்தவர் வேறு.

"முதல்ல சுவரைச் சுரண்டணும். அப்புறம் ஓட்டை, விரிசல் அடையப் பட்டி பாக்கணும். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். பிரைமர் அடிக்காம பெயின்டைத் தொடறவன் மனுஷனே இல்லை!"

"ஆகா! என் கூட்டாளிங்க வெளியில நிக்கறாங்க. கூப்பிடட்டுங்களா?"

மண்டபம் நிரம்பியது. இறக்கை வைத்த பெண், தொப்பி போட்ட நரி, ஒரு ரோபோ, இன்னும் யார் யாரோ. கடைசி வரிசையில் தலைமை நூலகரும் வந்து உட்கார்ந்துவிட்டார். நூலகருக்குத் தலைகால் புரியவில்லை. ரோலரை மேலிருந்து கீழே உருட்டுவதா, கீழிருந்து மேலே உருட்டுவதா என்பதற்கு மட்டும் அரை மணி நேரம் பேசினார்.

நரி கையைத் தூக்கியது. "பேச்சு சரி. நிஜமா அடிச்சிருக்கீங்களா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு ரூமை ஒரே நாள்ல முடிச்சுடுவேன், தெரியுமா?"

"காட்டுவீங்களா?"

"ஏன் காட்டாம?"

நுணலும் தன் வாயால் கெடும். தலைமை நூலகர் எழுந்து நின்று கை தட்டினார். "பிரமாதம் சார்! அடுத்த ஞாயிறு நேரடிச் செயல்முறை வகுப்பு. உங்க வீட்டுலயே காமிராவை வச்சுடுங்க. இங்க திரையில எல்லாரும் பாப்போம்."

நூலகர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கூடத்தில் டீச்சர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, டூட்டி முடிஞ்சுதா?"

"ம்... ஒரு சுவர் வேணும்."

"நம்ம பின்னறைச் சுவரா? ஐயையோ, உங்களுக்குத் தூசு ஒத்துக்காதே!"

"தொழில்னு வந்துட்டா என்ன பண்றது?"

"இடுப்பு?"

"இடுப்புக்கு ஒண்ணும் இல்லை."

"அப்ப சரி. இளம்பச்சை அடிங்க. கூட்டத்துல முக்காவாசிப் பேர் அதைத்தான் சொன்னாங்க."

"கூட்டத்துலயா? உனக்கு எப்படி..." என்றவர் அவள் திரையை எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் தாடிப் பெரியவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு பட்டனைத் தட்டினாள்; பெரியவர் கையை ஆட்டினார்.

"நீயா டீச்சர்?"

"நீங்க சொன்னப்புறம்தான் நாங்க எல்லாரும் அங்க கிளாஸ் எடுத்துப் பழகறோம். மத்தவங்க எங்க ஸ்டாஃப் ரூம். அந்த நரி எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

"எப்பேர்ந்து இந்த வேஷம்?"

"மொத ஞாயிறே மேப் புத்தகம் கேக்க வந்தேன். அந்த உலகத்துல ரொம்ப நேரம் கீபோர்டைத் தொடலைன்னா தலை தானா தொங்கிடுமாம். உங்க தலை தொங்கிட்டிருந்துது. நெட் போயிடுச்சு பாவம்னு நெனச்சேன். மைக்கை நிறுத்தாம படுத்துட்டீங்களே! ஒரு காதுல கம்ப்யூட்டர் வழியா குறட்டை, இன்னொரு காதுல கதவு வழியா."

அடுத்த ஞாயிறு நூலகர் சுரண்டினார், பட்டி பார்த்தார், தேய்த்தார், பிரைமர் அடித்தார், பெயின்ட் அடித்தார். நடுவில் நைசாக உட்காரலாம் என்றால் திரை முழுக்க ஜனம். "ஐயா, இடது மூலையில விட்டுப்போச்சு" என்று தாடிக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார். டீச்சர் கூடத்தில் கால் நீட்டிக் காபி குடித்தாள்.

சாயங்காலம் பின்னறை பளபளத்தது. அவருக்கே ஒரு பெருமை வந்தது, அதை மறைப்பானேன்? போன் அடித்தது. தலைமை நூலகர்.

"சார், மண்டபத்துல நிக்க இடம் இல்லை! கிளையை மூடப் போறதில்லை. ஞாயித்துக்கிழமை டூட்டி இனி நிரந்தரமா உங்களுக்குத்தான்."

கட்டிலும் தலையணையும் நூலகர் கண்முன் வந்து நின்றன. "ரொம்ப நன்றி மேடம்!"

"நன்றியை அந்தத் தாடிக்காரருக்குச் சொல்லுங்க சார். அடுத்த வாரம் தண்ணித் தொட்டி கழுவறது எப்படின்னு ஆரம்பிச்சு, வருஷம் பூராவுக்கும் தலைப்பு குடுத்துட்டார்!"